லகாய் எம்ப்ராய்டரி: யூர்ட் சுவரில் தொங்கியதை எப்படிப் பார்ப்பது?

வேம்படி

எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் இஸ்தான்புல்லில் வேலை பார்க்கிறார். அங்கே பழைய துணி விற்கும் ஒரு கடையில் இரண்டு எம்ப்ராய்டரித் துண்டுகள் வாங்கி அனுப்பியிருக்கிறார். இரண்டுமே சின்னவை. படங்கள் இணைத்திருக்கிறேன்.

முதலாவது சதுரம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அடித்துணி சிவப்புக் கம்பளி. நடுவில் நான்கு கைகள் சுழல்வது போல ஒரு உரு, ஒவ்வொரு கையின் நுனியிலும் கொக்கி. மேல்பக்கம் தவிர மூன்று பக்கமும் நீளமான பட்டுக் குஞ்சம். இரண்டாவது, ஆங்கில 'வி' மாதிரி இரண்டு பட்டைகள் கீழே கூடுகிற வடிவம். அதில் அடித்துணியே தெரியவில்லை, பொட்டு இடம் விடாமல் கிராஸ் ஸ்டிச்.

கடைக்காரர் இரண்டையும் "லகாய்" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். சுழல் சூரியனாம், கொக்கி தேளாம், வீட்டில் மாட்டினால் கெட்டது அண்டாதாம். சதுரத் துண்டில் ஒரு கையில் மட்டும் கொக்கி ஒன்று குறைகிறது. கேட்டதற்கு, முழுமை கடவுளுக்கு மட்டுமே உரியது என்று வேண்டுமென்றே விட்ட பிழை என்றாராம்.

லகாய் என்பவர்கள் யார்? இரண்டும் ஒரே மக்களுடையதுதானா? கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. செய்யலாமா?

பழையபட்டு

வேம்படி தம்பி, முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல துண்டு. முதலில் மக்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

லகாய்கள் உஸ்பெக் குலங்களில் ஒருவர். பெரும்பாலும் இன்றைய தெற்குத் தஜிகிஸ்தானில், ஹிசார் பள்ளத்தாக்கிலிருந்து பல்ஜுவான், குலாப் பக்கம் வரை வாழ்ந்தவர்கள். தெற்கு உஸ்பெகிஸ்தானிலும் வடக்கு ஆப்கானிஸ்தானிலும் இருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உஸ்பெக் தலைவர் ஷைபானி கானின் படையெடுப்போடு, வடக்கே இருந்த கிப்சாக் புல்வெளியிலிருந்து தெற்கே இறங்கிய குலங்களோடு இவர்களைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். பேச்சும் கிப்சாக் வகை உஸ்பெக். எசன்கோஜா, பத்ரக்லி, பைராம், தோர்துவுல் என்று நான்கு கிளைகள். புகாரா அமீரகத்தின் கிழக்குக் கோடியில், ஆடும் குதிரையும் வளர்த்து, கோடையில் மலைக்கும் குளிரில் பள்ளத்தாக்குக்கும் மாறி மாறிப் போன பாதி நாடோடிகள். லகாய் குதிரை என்று ஓர் இனமே இவர்கள் பெயரில் இருக்கிறது. மலைப்பாதைக்கென்றே பிறந்த குதிரை.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் துண்டுகள் எங்கே தொங்கின என்று தெரியாமல் அவற்றைப் பார்ப்பதில் பலனில்லை. யூர்ட் வட்டமான கூடாரம். மரச்சட்டப் பின்னல், மேலே நமதா, அதாவது நெய்யாமல் அமுக்கி இறுக்கிய கம்பளித் தகடு. உள்ளே நுழைந்தால் வாசலுக்கு நேர் எதிரே வீட்டின் படுக்கை முழுவதும் ஓர் அடுக்காக இருக்கும். அடியில் மப்ரமாச் என்னும் பெட்டி போன்ற பைகள், அவற்றின் மேல் மடித்த ரஜாய்கள், அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகள். வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடம் அதுதான். வீட்டின் செல்வமும் வீட்டுப் பெண்களின் கைத்திறனும் அங்கேதான் தெரியும்.

உங்கள் 'வி' வடிவத் துண்டு சேகோஷா. அந்த ரஜாய் அடுக்கின் முகப்பில் கூர்முனை கீழே பார்க்கத் தொங்குவது. சதுரம் இல்கிச். கூடாரத்தின் உட்சுவரில் மாட்டுவது. சதுரமாகவும் வரும், கீழே கூராக முடியும் கேடயம் போலவும் வரும். கண்ணாடி வைக்கும் பை, தேயிலைப் பை, நான்கு மூலைத் துணியை உறை மாதிரி மடித்த புக்ஜாமா என்று இந்தக் குடும்பம் பெரிது. பலவற்றைப் பையாகத் தைத்தாலும் உள்ளே எதையும் வைத்துப் புழங்கியிருக்க மாட்டார்கள். மணப்பெண் தன் சீரோடு கொண்டுவந்து, புதுக்குடும்பத்தின் கூடாரத்தில் எல்லாரும் பார்க்க மாட்டும் பொருள் இது.

ஊசிநூல் சேலம்

அக்கா, நான் ஆரி வகுப்பு எடுக்கிறேன். படத்தைப் பார்த்ததும் கை துறுதுறுக்கிறது. முதல் துண்டு அத்தனையும் செயின் ஸ்டிச்தானே? நாங்கள் துணியை ஃபிரேமில் விறைப்பாக இழுத்துக் கட்டிக்கொண்டு, மேலிருந்து ஆரி ஊசியைக் குத்தி, கீழே பிடித்த நூலைக் கொக்கியால் மேலே இழுப்போம். கூடாரத்துக்குள் ஃபிரேம் வைத்துக்கொண்டா போட்டார்கள்?

இன்னொன்று. நிரப்பியிருக்கும் விதத்தைப் பாருங்கள். என் மாணவிகள் உருவத்தின் வெளிக்கோட்டைப் போட்டுவிட்டு, உள்ளே ஒரே திசையில் வரிவரியாக நிரப்புவார்கள். இந்தப் பெண் அப்படிச் செய்யவில்லை. கொக்கி வளையும் இடத்தில் வரிகளும் கூடவே வளைகின்றன. வெளிக்கோட்டுக்கு இணையாக ஒன்று, அதை ஒட்டி இன்னொன்று, அப்படியே சுருண்டு சுருண்டு நடுவுக்குப் போகிறது. பட்டு நூல் என்பதால் வரி திரும்பும்போது பளபளப்பும் திரும்புகிறது. ஒரே மஞ்சள்தான், ஆனால் வளைவின் ஒரு பக்கம் வெளுப்பாகவும் மறுபக்கம் கறுத்தும் தெரிகிறது. நிறம் மாற்றாமல் நிழல் கொண்டுவந்திருக்கிறார். இதை வகுப்பில் காட்டப் போகிறேன்.

பழையபட்டு

சகோதரி, இந்தக் கண் துணிக் கடைக்காரர்களுக்கு இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

மத்திய ஆசியாவில் செயின் ஸ்டிச்சை ஊசியாலும் போட்டார்கள், உங்கள் ஆரி போன்ற கொக்கியாலும் போட்டார்கள். ஃபிரேம் பற்றிய கேள்விக்கு விடை அடித்துணியில் இருக்கிறது. அது மஹூத். நெய்தபின் நனைத்து அடித்து இறுக்கிய கம்பளித் துணி. விரலால் தடவினால் நெசவின் இழை தெரியாது. திண்ணமாக இருப்பதால் மடியில் வைத்தே தைக்கலாம், சுருங்காது. வெட்டிய விளிம்பில் இழையும் பிரியாது. மெல்லிய பருத்தித் துணியில் இந்த வேலைக்கு ஃபிரேம் இருந்தால் எளிது. மஹூத் அவர்கள் நெய்ததில்லை, வணிகர் வழியாக வந்த ஆலைத் துணி. 1860களில் ரஷ்யா தாஷ்கண்டையும் புகாராவையும் அடக்கியபின் ரஷ்யச் சரக்கு இன்னும் தாராளமாக வந்தது. பட்டு நூலும் நகரத்தில் வாங்கியதே. ஆக, மலையில் வாழ்ந்த பெண் பஜாரின் நல்ல சரக்கைத் தேர்ந்தெடுத்து வாங்கித்தான் இதைச் செய்திருக்கிறாள். உலகமே அறியாமல் ஒதுங்கிக் கிடந்த மக்கள் என்று விற்பனைக் குறிப்புகளில் வரும் கதையை நம்ப வேண்டாம்.

வேம்படி, துண்டின் விளிம்பை நெருக்கத்தில் படம் எடுத்துப் போட முடியுமா? பின்பக்கத்தையும்.

வேம்படி

போட்டிருக்கிறேன். விளிம்பில் பின்னல் போல ஒரு நாடா ஓடுகிறது, கருப்பு, வெள்ளை, சிவப்பு. தைத்து ஒட்டியது மாதிரித் தெரியவில்லை, துணியிலிருந்தே முளைத்தது போல இருக்கிறது. பின்னால் பூப்போட்ட அச்சுத் துணி, ரோஜாப் பூக்கள், நிறம் நன்றாக மங்கிவிட்டது. ஒரு மூலையில் மட்டும் வேறு துணி, நீலமும் வெள்ளையும் கலங்கின மாதிரி.

பழையபட்டு

அந்தக் கலங்கல் இகாத், நூலுக்கு முதலிலேயே சாயம் ஏற்றி நெய்தது. புகாரா, மர்கிலான் பக்கத்துப் பட்டு. பழைய அங்கியின் கிழிசல் மிச்சமாக இருக்கும். ரோஜாத் துணி ரஷ்ய ஆலைச் சீட்டி. இரண்டும் லகாய் உள்துணியில் சகஜம்.

விளிம்பு நாடாவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதன் பெயர் ஜியாக். தனியாக நெய்து வைத்துத் தைப்பதில்லை. ஒருத்தி விரல்களில் நூல் வளையங்களை மாட்டிக்கொண்டு மாற்றி மாற்றிப் பின்ன, பின்னல் நகர நகர இன்னொருத்தி அதைத் துணி விளிம்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டே போவாள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. சதுரத்தின் மூலையில் பின்னல் அறாமல் திரும்புகிறது பாருங்கள், இருவரும் வேகத்தை ஒத்துப்போய்ச் செய்தால்தான் அப்படி வரும்.

கடம்பவனம்

நல்ல உரையாடல். ஆனால் ஒரு விஷயத்தில் பழையபட்டு அவர்கள் கடைக்காரரை ரொம்பச் சுலபமாகத் தள்ளிவிடப் போகிறார் என்று தோன்றுகிறது. சுழல் சூரியன், கொம்பு ஆட்டுக்கடா, தேள் காவல் என்பவை புல்வெளி மக்கள் எல்லாரிடமும் இருக்கும் நம்பிக்கைதானே? இஸ்லாத்துக்கு முந்தைய வழிபாட்டின் மிச்சம் இவற்றில் இருக்கிறது. இதை வெறும் அலங்காரம் என்று சொன்னால் அந்தப் பெண்களின் மனதையே பறித்துவிடுகிறோம்.

பழையபட்டு

கடம்பவனம் சார், வெறும் அலங்காரம் என்று நானும் சொல்ல மாட்டேன். தாயத்து அணிவதும் கண்ணேறுக்குப் பயப்படுவதும் அவர்கள் வாழ்க்கையில் உண்டு. கடாவின் கொம்பு என்ற பெயரைத் துருக்கிய மக்கள் பலரிடமும் பெண்களே சொல்லியிருக்கிறார்கள். கஸாக் நமதாவிலும் கிர்கிஸ் நமதாவிலும் அது இருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை.

நான் எதிர்ப்பது ஒரு உருவுக்கு ஒரு பொருள் என்று அகராதி போடுவதை. பூவுக்குப் பூவின் பெயர் இருப்பதால் மட்டுமே அதைத் தைத்தவள் பூவை வழிபட்டாள் என்று ஆகாது. பல்கிஸ் கர்மிஷேவா என்ற சோவியத் இனவரைவியலாளர் தெற்குத் தஜிகிஸ்தான் லகாய்களிடையே களப்பணி செய்தவர். 1954-இல் வந்த அவருடைய ஆய்வு அவர்களின் கால்நடை வளர்ப்பைப் பற்றியது. மப்ரமாச், இல்கிச் பற்றியும் தனியே எழுதினார். அவர் தொடங்கிய இடத்தைக் கவனியுங்கள்: யார் செய்தார்கள், எதன் மேல், கூடாரத்தில் எங்கே, எந்தச் சடங்குக்கு. உருவின் இரகசியம் பிறகுதான். விற்பனைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். செய்தவளையும் இடத்தையும் விட்டுவிட்டு இரகசியத்தை மட்டும் விற்கிறார்கள். பறித்துக்கொள்வது என்றால் அதுதான்.

குறைந்துபோன அந்தக் கொக்கிக்கு வருகிறேன். "முழுமை கடவுளுக்கே" என்ற வசனத்தைக் கம்பளக் கடையில் எல்லா நாட்டுக் கம்பளத்துக்கும் சொல்வார்கள். இந்தத் துண்டுக்கு அது தேவையே இல்லை. நகரத்துச் சுசானி, அதாவது பெரிய எம்ப்ராய்டரித் துணி, எப்படி உருவானது என்று ஒப்பிட்டால் புரியும். நுராத்தா, ஷஹ்ரிசப்ஸ், புகாரா வீடுகளில், குறுகலான பருத்திப் பட்டைகளைத் தற்காலிகமாக இணைத்து, வரைவதில் தேர்ந்த ஒரு பெண்ணை அழைத்து முழுக் கோலத்தையும் வரையச் செய்வார்கள். பிறகு பட்டைகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகத் தைத்து, கடைசியில் மறுபடி இணைப்பார்கள். ஆளுயரத்துக்கும் மேலான துணி, பல கைகள். வரைந்த கோட்டுக்குள் எல்லாரும் நின்றால்தான் அது கூடிவரும்.

லகாய் துண்டு மடியில் அடங்கும் அளவு. ஒரே கை. கோலத்தின் பாதி தைக்கும்போதுதான் முடிவாகிறது. வேம்படியின் துண்டில் கொக்கி குறைந்த கையைத் திரும்பப் பாருங்கள். மற்ற மூன்று கைகளும் மஞ்சளும் பச்சையும். இந்தக் கை மட்டும் அடர்ந்த ஊதாச் சிவப்பு, மற்றவற்றைவிட அகலம், அதற்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மஹூத்தைக் கொஞ்சம் அதிகமாக வெறுமையாக விட்டிருக்கிறாள். கனமான நிறம் வந்த இடத்தில் உருவைக் குறைத்துவிட்டாள். அளவுகோல் வைத்தால் நான்கும் ஒன்றல்ல. கண்ணால் பார்த்தால் நான்கும் சமமாகச் சுற்றுகின்றன. அங்கே இன்னொரு கொக்கி போட்டிருந்தால் சுழல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இதைப் பிழை என்று சொல்லி மன்னிக்க வேண்டியதில்லை, அவள் யோசித்துச் செய்தது.

இந்த உருக்களுக்குத் தாய் நமதா வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பளித் தகட்டை வெட்டி ஒன்றின் மேல் ஒன்று பதிக்கும்போது வெட்டிய உருவும் மிஞ்சிய இடமும் ஒரே அளவு வலுவோடு நிற்கும். இந்தத் துண்டிலும் சிவப்பு வெறுமை ஒரு உருவாகவே நிற்கிறது.

கடம்பவனம்

அந்த ஊதாச் சிவப்புக் கையைப் பற்றிச் சொன்ன பிறகு மறுபடி படத்தைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொல்வது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் நிறத்தின் எடையும் நம்பிக்கையும் ஒரே கையில் இருக்க முடியாதா என்ன? கல்யாணத்துக்குத் தைக்கும் பெண் கண்ணேறை நினைக்காமல் தைத்திருப்பாளா?

பழையபட்டு

இருக்கலாம் சார், நினைத்திருப்பாள். கல்யாணப் பொருளில் காப்பு என்ற எண்ணம் இல்லாமல் இருக்காது. அந்த எண்ணம் முழுத் துண்டிலும் குஞ்சத்திலும்கூட இருக்கும். இந்தக் கொக்கி இந்தப் பூச்சி என்று பிரித்துப் பட்டியல் போட முடியாது, அவ்வளவுதான்.

துஷான்பே மாணவன்

நான் இங்கே தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயில் மருத்துவம் படிக்கிறேன். வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் சமயத்தில் நகரமே சக்கான் உடையில் இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பெரிய பெரிய பூக்கள் போட்ட நீள அங்கி. அதுதான் லகாய் எம்ப்ராய்டரியா? வகுப்பில் குலாப் பக்கத்துத் தோழிகள் அது தங்கள் ஊருடையது என்கிறார்கள்.

பழையபட்டு

தோழிகள் சொல்வதே சரி தம்பி. சக்கான் குலாப் வட்டாரத் தஜிக் பெண்களின் கலை. 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. லகாய்களும் அதே கத்லோன் மாகாணத்தில் அக்கம்பக்கமாக வாழ்ந்தவர்கள், பஜாரில் ஒரே நூலை வாங்கியிருப்பார்கள். ஆனால் சக்கான் உடம்பில் உடுத்துவது, இன்றும் புதிதாகத் தைப்பது, விழா நாளில் எல்லாரும் போடுவது. லகாய் இல்கிச்சின் இடமோ யூர்ட். யூர்ட் போனபின் அதற்கு மாட்ட இடமில்லாமல் போயிற்று.

யூர்ட் எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லாமல் இந்தத் துணிகளைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. 1920-இல் சோவியத் செம்படை புகாராவைப் பிடித்தது. கிழக்கு மலைகளில் எதிர்ப்பு நீண்ட காலம் நீடித்தது. அதன் தளபதிகளில் பெயர் பெற்ற இப்ராஹிம் பெக் ஒரு லகாய். 1926-இல் ஆப்கானிஸ்தானுக்குள் ஒதுங்கி, 1931-இல் திரும்பி வந்து, அந்த ஆண்டு ஜூனில் பிடிபட்டார். அந்த ஆண்டுகளில் ஏராளமான குடும்பங்கள் மந்தையோடு அமு தர்யா ஆற்றைக் கடந்து வடக்கு ஆப்கானிஸ்தானுக்குப் போயின. இருந்தவர்கள் கூட்டுப்பண்ணைக்குள் வந்தார்கள். மந்தை பண்ணையுடையதாயிற்று, இடம்பெயர்வு நின்றது, மண்வீட்டில் வாழ்க்கை தொடங்கியது. நல்ல லகாய் துண்டுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து அந்தக் கலவரக் காலம் வரை செய்தவை. காரணம் இதுதான்.

பெட்டியில் மிஞ்சியதும் தங்கவில்லை. 1979-இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தபின் அகதிகளோடு துணிகளும் பாகிஸ்தானின் பெஷாவருக்கு வந்தன. தஜிகிஸ்தானில் 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போர். பசிக்கு எதை விற்க முடியுமோ அதை விற்றார்கள். பாட்டியின் கல்யாணச் சீர் மூட்டை மூட்டையாக வணிகர் கைக்குப் போய், இஸ்தான்புல், லண்டன், நியூயார்க் வரை போனது. ஜாக், அவிவா ராபின்சன் தம்பதி சேர்த்தவை அமெரிக்காவில் மினியாபோலிஸ் கலைக்கூடத்தில் இருக்கின்றன. அவை பத்திரமாக இருப்பதில் மகிழ்ச்சி. அதே சமயம் எந்தக் கிராமம், எந்தக் கிளை, யாருடைய பாட்டி என்ற விவரங்கள் மூட்டை கை மாறிய வழியில் உதிர்ந்துபோனது பெரிய இழப்பு. அந்த வெற்றிடத்தில்தான் சூரியனும் தேளும் வந்து உட்கார்ந்துகொண்டன.

வேம்படி

அண்ணன் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவரிடம் கடைக்காரர் வேறு ஏதாவது ஊர்ப் பெயர் சொன்னாரா என்று கேட்டேன். "வடக்கு ஆப்கான்" என்று மட்டும் சொன்னாராம். இரண்டாவது துண்டைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே. அது லகாய்தானா?

பழையபட்டு

கடை சொன்ன அந்த இரண்டு வார்த்தையையும் ஒரு தாளில் தேதியோடு எழுதித் துண்டுகளோடு வையுங்கள். எங்கே வாங்கியது, யார் வாங்கியது என்பதையும். நாளைக்கு அதுவும் ஒரு தடயம்.

இரண்டாவது துண்டு குங்ராத் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பேன். அவர்கள் இன்னொரு பெரிய உஸ்பெக் குலம். தெற்கு உஸ்பெகிஸ்தானில் சுர்கான்தர்யா, போய்சுன், ஷெராபாத் பக்கம் இருப்பவர்கள். பருத்தித் துணியை முழுக்க மூடும் கிராஸ் ஸ்டிச், அங்கே அதன் பெயர் இராக்கி, எண்ணி எண்ணிப் போட்ட கோணங்கள், கட்டுக்குள் நிற்கும் வடிவம் என்று எல்லாம் அந்தப் பக்கம் கைகாட்டுகின்றன. லகாய்களும் கிராஸ் ஸ்டிச் போட்டிருக்கிறார்கள் என்பதால் கோடு கிழித்து முடிவு சொல்ல மாட்டேன். வணிகத்தில் "லகாய்" என்ற பெயருக்கு மவுசு கூடியதால் சின்னதாக, உஸ்பெக்காக, பழசாக எது வந்தாலும் அந்தச் சீட்டை ஒட்டிவிடுகிறார்கள். குங்ராத் பெண்ணின் உழைப்பு அதனால் பெயரில்லாமல் போகிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேகோஷா இழையை எண்ணும் கையால் ஆனது, ஒரு கட்டம் தவறினால் அடுத்த வரியே நிற்காது. இல்கிச் ஓடும் கையால் ஆனது. இரண்டும் அழகு. ஒன்றை அளக்கும் கோலால் மற்றதை அளக்கக் கூடாது.

ஊசிநூல் சேலம்

வேம்படி தம்பி, சட்டம் போடுவது பற்றி நான் சொல்கிறேன், பழையபட்டு அக்கா திருத்தட்டும். கண்ணாடி துணியைத் தொடவே கூடாது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடிக்குள் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பசை, செல்லோ டேப் எதுவும் வேண்டாம். தண்ணீரில் நனைக்கவே நனைக்காதீர்கள், டிரை கிளீனிங்கும் கொடுக்காதீர்கள். அந்த ஊதாச் சிவப்பு சாயம் போகிற ரகமாகத் தெரிகிறது. எங்களுக்கு இப்போது வரும் நூலிலேயே சில மஜந்தா கையைச் சிவக்க வைக்கும்.

பழையபட்டு

திருத்த எதுவும் இல்லை. அந்த ஊதாச் சிவப்பு செயற்கைச் சாயமாக இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பக்கத்துப் பஜாருக்கு வந்து நிறைந்தவை. ஈரம் பட்டால் பக்கத்து மஞ்சளில் இறங்கிவிடும். செயற்கைச் சாயம் என்பதால் துண்டின் மதிப்பு குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவளுக்கு அது கடையில் வந்த புது நிறம், ஆசையாக வாங்கியிருக்கிறாள்.

முதல் வேலை பூச்சி. மஹூத் கம்பளி, அந்துப் பூச்சிக்கு அதுதான் முதல் பலி. படத்தில் இடது மேல் மூலையில் இரண்டு சின்ன ஓட்டைகள் தெரிகின்றன. பழையதாகவும் இருக்கலாம், உள்ளே முட்டையும் இருக்கலாம். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பையை உடனே பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் ஈரம் துணியில் படியும். அந்துருண்டையைத் துணிமேல் போட வேண்டாம்.

மாட்ட வேண்டும் என்றால், துவைத்து மடமடப்புப் போன காடாத் துணியைப் பலகையில் சுற்றி, அதன் மேல் இல்கிச்சை வைத்து, உள்துணியில் மட்டும் மெல்லிய ஊசியால் நான்கு பக்கமும் நிறையத் தையல் போட்டுப் பிடியுங்கள். எம்ப்ராய்டரியிலும் ஜியாக்கிலும் ஊசி போகக் கூடாது. மேல்பக்கம் மேலேயே இருக்கட்டும், குஞ்சம் கீழே தளர்வாகத் தொங்கட்டும், பலகைக்குள் மடக்கிவிடாதீர்கள். ஜன்னல் வெயில் படாத சுவர். சில மாதம் மாட்டி, சில மாதம் இருட்டில் ஓய்வு கொடுங்கள்.

சேகோஷாவைச் சுவரில் மாட்டாமல் இருந்தால் நல்லது. அந்த வடிவம் எதன் மேலாவது சாய்ந்து விழுவதற்காகச் செய்தது. வீட்டில் மடித்த ரஜாய் இருந்தால் அலமாரித் தட்டில் அடுக்கி, அதன் முகப்பில் போடுங்கள். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

வேம்படி

அம்மாவிடம் காட்டினேன். ரஜாய் இல்லை, பாட்டி தைத்த பழம்புடவைப் போர்வைகள் நான்கைந்து இருக்கின்றன, அவற்றை அடுக்கலாமா என்று கேட்கிறார். இல்கிச் இன்றைக்கு ஃப்ரீசருக்குப் போகிறது.

பழையபட்டு

தாராளமாக அடுக்கலாம். போர்வைகளை முதலில் துவைத்து நன்றாகக் காய வைத்துவிட்டு, அதன்பின் சேகோஷாவைப் போடுங்கள். அதற்கு முன் அதையும் ஃப்ரீசரில் வைத்தெடுங்கள். குஞ்சத்தில் கம்பளி கலந்திருக்கலாம்.